மலிந்த கைகளைத் தேடச் சொல்கிறவர்களுக்கு

சுயதொழில் வகுப்பு எங்கே நடந்தாலும் ஒரு பாடம் தவறாமல் வரும். வளவாளர் பலகைக்குப் பக்கத்தில் நின்று, "உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை என்ன?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரே ஒரு தொகையைப் போடுவார். 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொத்தான் கட்டவும் ஓரம் மடிக்கவும் 150 ரூபாய்க்கு ஆள் கிடைத்தால், அந்த வேலையை நீங்களே செய்யும் ஒவ்வொரு மணிக்கும் 350 ரூபாய் கையை விட்டுப் போகிறது என்பார். ஆகவே உங்களைவிட மலிவாக யார் செய்வாரோ அவரிடம் அதைத் தள்ளிவிடுங்கள், நீங்கள் 'தொழிலை வளர்ப்பதில்' மட்டும் கவனம் வையுங்கள். இப்படி முடியும் பாடம்.

வகுப்போடு இது நிற்பதில்லை. யூடியூபில் முயற்சியாண்மை பேசுகிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாதவர் தனக்குத் தானே கூலிக்காரர் என்று ஒரு குத்தலும் கூடவே வரும். கேட்கிற பெண்ணுக்குத் தன் கையால் செய்வதே ஒரு குற்றம் போலத் தோன்றிவிடும்.

கரைத்தீவிலும் அதைச் சுற்றிய புத்தளக் கரையோரத்திலும் விறாந்தையில் மெஷினை வைத்து உடுப்புத் தைக்கிறவர்கள், அபாயாவுக்குக் கல்லும் மணியும் கோக்கிறவர்கள், கல்யாண வீட்டுக்குக் கேக் செய்கிறவர்கள், மணப்பெண்ணுக்கு மருதோன்றி போடுகிறவர்கள், ஓலை பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு அந்தப் பாடம் பொருந்தாது என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் அதற்கும் மேலே போகிறேன். அந்தப் பாடம் தவறு. கணக்காகவும் தவறு, தொழில் அறிவாகவும் தவறு.

முதலில் கணக்கு. 350 ரூபாய் மிச்சம் என்று சொல்லும்போது, விடுவித்த அந்த ஒரு மணி நேரத்தை 500 ரூபாய்க்கு வாங்க யாரோ வாசலில் காத்திருக்கிறார்கள் என்று வளவாளர் எண்ணிக்கொள்கிறார். கரைத்தீவில் யார் காத்திருக்கிறார்கள்? இரண்டு பெருநாளுக்கு முன்னால் துணி மலைபோலக் குவியும். பாடசாலை தொடங்கும் காலத்தில் சீருடை வரும். இடையில் கல்யாணங்கள். மற்ற நாட்களில் ஓடர் எத்தனை வரும் என்பதைத் தையல்காரி தீர்மானிப்பதில்லை, கடல் தீர்மானிக்கிறது. கச்சான் காற்று வீசி வெளிக்கடல் குழம்பிக் கிடக்கும் மாதங்களில் மீன்காசு ஊருக்குள் வராது. மீன்காசு வராத ஊரில் புது உடுப்புக்கு யார் துணி கொண்டுவருவார்? அந்த நாட்களில் மிச்சம் பிடித்த மணி நேரத்தை விற்க முடியாது. கொடுத்த 150 ரூபாய் மட்டும் போனது போனதுதான்.

ஒவ்வொருவரும் தமக்கு எது ஒப்பீட்டளவில் ஆதாயமோ அதை மட்டும் செய்து, மற்றதைப் பிறரிடம் விடவேண்டும் என்ற தர்க்கத்துக்குப் பொருளியலில் பெரிய பரம்பரை உண்டு. டேவிட் ரிக்கார்டோ 1817இல் இங்கிலாந்தின் துணியையும் போர்த்துக்கலின் வைனையும் வைத்து அதை விளக்கினார். அந்த விளக்கம் நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கத்திலும் எல்லாக் கைகளுக்கும் வேலை இருக்க வேண்டும், செய்ததெல்லாம் விற்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒரு கரையோரக் கிராமத்துக்கு அந்தத் தர்க்கத்தின் கடைசி வரியை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து ஒட்டினால் எப்படி?

கூலிக்கு ஆள் வைத்தவுடன் காசு ஓடும் திசையும் மாறிவிடுகிறது. இதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தனியாகத் தைக்கும் வரை, வாடிக்கையாளர் பெருநாள் கழித்துக் காசு தந்தாலும் அவள் சமாளிப்பாள். தன் உழைப்பைத் தானே கடனாகக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆள் வைத்துவிட்டால் கூலியை வார முடிவில் கொடுத்தாக வேண்டும். அது அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் அவசரம், அவள் வீட்டு அடுப்பு எரியாதது இவளுக்கு இங்கிருந்தே தெரியும். உடுப்பு போய்விட்டது, காசு வரவில்லை, கூலி நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் கடன் கொடுக்கும் கம்பனியின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். நுண்கடன் கிராமத்துப் பெண்களை என்ன செய்தது என்பது இரகசியமில்லை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. அந்தக் கடன்களில் எத்தனையோ 'தொழிலை வளர்க்க' என்று எடுத்தவைதாம்.

சட்டமும் இருக்கிறது. ஒரே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 சதவீதமும் கட்ட வேண்டும். உழைக்கிறவரின் முதுமைக்கான காசு அது, கட்டத்தான் வேண்டும். பலகையில் எழுதிய 150 ரூபாய்க்குள் அது இருந்ததா? இல்லை. அந்த 150 ரூபாய் மலிவாக இருந்ததற்குக் காரணம், கூலி வாங்குகிறவளின் முதுமையை யாரும் கணக்கில் எடுக்காததுதான். சுயதொழில் என்ற பெயரில் ஒரு ஏழைப் பெண்ணுக்கு, தன்னைவிட ஏழையான இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். இதைத்தான் வளர்ச்சி என்கிறோம்.

கணக்கை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வருவோம். எதைக் கொடுத்துவிடலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியலிலும் குழப்பம். வாடிக்கையாளரோடு பேசுவது, அளவு எடுப்பது, வட்ஸ்அப்பில் பதில் சொல்வது, கணக்கு எழுதுவது, பொதி கட்டி அனுப்புவது எல்லாம் 'சின்ன வேலை', அவற்றை முதலில் தள்ளுங்கள் என்கிறார்கள். உடுப்புத் தைப்பதில் அளவு எடுப்பதைவிடப் பெரிய வேலை எது? கையில் நாடாவோடு நிற்கும்போதுதான் ஒரு தாய் தன் மகளின் ஒரு தோள் சற்று இறங்கியிருப்பதைத் தாழ்ந்த குரலில் சொல்வாள். கர்ப்பிணி எத்தனையாவது மாதம் என்று சொல்வாள். போன பெருநாளைக்குத் தைத்ததில் கைக்குழி இறுக்கியது என்று குறை சொல்வாள். அதைக் கேட்ட காதுதான் பிறகு கத்தரிக்கோலைப் பிடிக்க வேண்டும். அந்தப் பேச்சை வேறொருவர் கேட்டு ஒரு கொப்பியில் எண்களாக எழுதிக்கொடுத்தால், எண்கள் வரும், தோள் வராது. வட்ஸ்அப்பும் அப்படியே. கொழும்பிலிருந்து ஓடர் தரும் பெண், பதில் எழுதுகிறவளைத்தான் தையல்காரியாக நினைக்கிறாள். ஆறு மாதம் போனால் வாடிக்கையாளர்கள் அந்தத் தொலைபேசி எண்ணோடு போய்விடுவார்கள்.

இது சின்னத் தையல்காரியின் பிரச்சினை, பெரிய கலைஞருக்கு வராது என்று யாரும் எண்ண வேண்டாம். ராஜா ரவி வர்மாவைப் பாருங்கள். அவர் காலத்தில் இந்தியாவில் அவரைவிடப் புகழ்பெற்ற ஓவியர் இல்லை. அரண்மனைகள் வரிசையில் நின்றன. ஓவியம் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு கை எப்படி வரையும், படங்களை வண்ண அச்சில் எடுத்துப் பரப்பலாமே என்ற யோசனையைச் சொன்னவர் திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவராவ். யோசனை நல்ல யோசனைதான். 1894இல் பம்பாயில் அச்சகம் வந்தது. ஜேர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். சகுந்தலையின் பிறப்பு முதல் படங்களில் ஒன்றாக அச்சேறியது. நிர்வாகம் தம்பி ராஜராஜ வர்மாவின் தோளில் விழுந்தது. அந்தத் தம்பியும் ஓவியர், அண்ணனின் படங்களில் கூடவே தூரிகை பிடித்தவர். அண்ணன் ஓவியத்தைச் செய்ய, அச்சையும் விற்பனையையும் கணக்கையும் பிறரிடம் விட்டாயிற்று. வளவாளரின் பாடம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது.

என்ன நடந்தது? ஐந்தே ஆண்டில் அச்சகம் கடனில் மூழ்கியது. 1899இல் பம்பாயை விட்டு லோனாவாலாவுக்குப் பக்கத்தில் உள்ள மளவ்லிக்குப் போனது. 1901இல் தொழில்நுட்பத்துக்காக அமர்த்திய ஜேர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைக்கரிடமே அதை விற்க வேண்டி வந்தது. ரவி வர்மாவின் பெயர் மட்டும் அச்சகத்தில் ஒட்டிக்கொண்டது. ஷ்லைக்கர் பழைய படங்களைத் தொடர்ந்து அச்சிட்டார், பிறகு திறமை குறைந்த ஓவியர்களை வைத்துப் புதுப் படங்களும், வணிகப் பொருட்களுக்கு லேபிள்களும் போட்டார். 1972இல் தீயில் அழியும் வரை அந்த இடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொழில் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. யாருடைய தொழில் என்பதுதான் கேள்வி. கடனுக்குப் பிளேக் நோயும் காலமும் ஒரு பங்கு காரணமாக இருக்கலாம். என்றாலும் வாங்குகிறவர் யார், எந்தப் படம் ஓடுகிறது, எவ்வளவுக்கு ஓடுகிறது என்ற அறிவெல்லாம் அச்சுக்கூடத்தில்தான் சேர்ந்தது. ரவி வர்மாவின் கைக்கு அது வந்து சேரவில்லை.

இதற்கு நேரெதிரான இன்னொரு கதையும் தமிழ் நாட்டிலேயே உண்டு, அதை எந்த வளவாளரும் சொல்வதில்லை. கோவில்பட்டி சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னையில் ஓவியம் படித்தவர், நாடகத் திரைச்சீலைகள் எழுதியவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி, சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படங்கள் வரைந்தார். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய முருகனும் மீனாட்சியும் இலட்சுமியும் அவரிடமிருந்தும் அவர் மாணவர்களிடமிருந்தும் வந்தவர்களே. கடல் தாண்டி இங்கேயும் எத்தனை கடைகளில் அந்தக் காலண்டர்கள் தொங்கின! ஒரு தனிமனிதரால் அவ்வளவு படங்களை வரைந்திருக்க முடியாது. வேலையைப் பிரித்துத்தான் கொடுத்தார். யாரிடம்? டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் போன்றவர்களிடம். அவர்கள் கூடவே இருந்து கற்றவர்கள். படத்தின் ஓரத்தில் கொண்டையராஜுவின் கையெழுத்தோடு சுப்பையாவின் கையெழுத்தும் சேர்ந்து நிற்கும் படங்கள் உண்டு. பிறகு அந்த மாணவர்கள் தங்கள் பெயரிலேயே தனியாக வரைந்தார்கள், அவர்களுக்கென்று வாடிக்கையாளர்கள் வந்தார்கள். குருவின் பெயர் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

என் கட்சி முழுக்க இந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. வேலையை வாங்குகிறவளுக்குப் பெயரும் பங்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்குமானால் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், முக்கியமான வேலையையே கொடுங்கள். கிடைக்காதென்றால் நீங்கள் செய்வது வெறும் கூலிப் பிடிப்பு, அதற்கு அழகான பெயர் எதற்கு?

இங்கே எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "எல்லாவற்றையும் தானே செய்தால் உடம்பு என்னாகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நோன்பு கடைசிப் பத்தில் தையல்காரியின் கண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவு தொழுகை முடித்து உட்கார்ந்தால் ஸஹர் நேரம் வரை மெஷின் ஓடும். இடுப்பு போகும், கண் போகும். அவள் காய்ச்சலில் படுத்தால் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு இல்லை. 'என் கை பட்டால்தான் சரி வரும்' என்ற பெருமையும் ஒரு நோய்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. தனியாகவே இருந்தாலும் பெரிதாக வளரலாம் என்பதற்கு வேறு சிலர் இளையராஜாவைக் காட்டுவார்கள். 1976இல் அன்னக்கிளி தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசைக்குறிப்பைத் தன் கையாலேயே எழுதியவர் அவர். அது மேதை ஒருவரின் வழி. அதை வைத்து ஊருக்குச் சட்டம் எழுத முடியாது.

உடம்புக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை. அந்த இரண்டாவது ஆளை மலிந்த மணிநேரமாகப் பார்ப்பதில்தான் சண்டை. மலிவுக்கு வந்தவள் மலிவுக்குத்தான் தைப்பாள். ஒரு உடுப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், அவள் கை எண்ணிக்கையைப் பார்க்கும், மடிப்பைப் பார்க்காது. அது அவள் குற்றமில்லை, நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதைத்தான் அவள் தருகிறாள். பிறகு முதலாளியம்மா இரவில் உட்கார்ந்து பிரித்துத் தைப்பாள். விடுவித்த மணி நேரம் அங்கே போய்விடும். தையல் பிரிந்த உடுப்போடு வரும் வாடிக்கையாளர் கூலிக்காரியைத் தேடிப் போக மாட்டாள். "ராத்தா, இது நீங்க தைச்சதுதானே?" என்று இவளிடம்தான் கேட்பாள்.

வேறு வழி என்ன என்று கேட்டால், அதற்குக் கொழும்பு போக வேண்டியதில்லை, கரைக்குப் போனால் போதும். இந்தக் கரையில் வள்ளத்தில் போகிறவர்களுக்கு மணிக் கூலி கிடையாது. எண்ணெய்ச் செலவும் ஐஸ் செலவும் கழித்த பிறகு வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு. மீன் பட்டால் எல்லோருக்கும் பட்டது, படாவிட்டால் எல்லோருக்கும் இல்லை. வலை கிழிந்தால் ஆளுக்கு அக்கறை வருவது அதனால்தான். பங்கு முறையைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. முற்பணம் கொடுத்த முதலாளியே மீனுக்கு விலையும் சொல்லும்போது, பங்கு என்பது பேச்சளவில் போய்விடும். அந்தக் கொள்ளை இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் பங்கின் அடிப்படை நியாயம், காற்றும் காசும் நிலையில்லாத இடத்தில் வாழ்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்தது. ஓடர் வரும் மாதமும் வராத மாதமும் உள்ள தையலுக்கு, மாதச் சம்பளத் தொழிற்சாலையைவிட இந்த வள்ளம் நெருக்கமானது.

2022இன் பொருளாதார நெருக்கடியில் இதைக் கண்ணால் பார்த்தோம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. துணி, நூல், பொத்தான், கேக்குக்கு மா, பட்டர் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போயின. எண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அப்படி ஒரு காலத்தில் நிலைக் கூலிக்கு ஆள் வைத்தவருக்கு இரண்டே வழி. ஒன்று ஆளை நிறுத்துவது, மற்றது கடன் வாங்கிக் கூலி கொடுப்பது. பங்கில் இருப்பவர்களும் பட்டினிதான் கிடப்பார்கள், அதை மறைக்க முடியாது. ஆனால் கஷ்டம் முடிந்து எழுந்திருக்கும்போது அவர்கள் சேர்ந்தே எழுந்திருப்பார்கள், ஒருவருக்கொருவர் கடன்காரராக அல்ல.

பங்கும் பெயரும் என்றால் சின்னதாகவே இருக்க வேண்டியதுதான் என்று நினைப்பவர்களுக்கு இலங்கையிலிருந்தே பதில் உண்டு. ஏனா டி சில்வா 1960களில் பத்திக் செய்யத் தொடங்கியபோது லக்கி சேனாநாயக்காவும் ஏனாவின் மகன் அனில் ஜயசூரியாவும் உதவிக்கு வந்த கூலியாட்களாக இருக்கவில்லை. தத்தம் வரைகலையோடு வந்த கலைஞர்கள் அவர்கள். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் பத்திக் கூரை அந்தக் கூட்டுக் கையிலிருந்து வந்தது. பிற்காலத்தில் மாத்தளை அலுவிகாரையில் ஊர்ப் பெண்களோடு ஊசி வேலையும் பத்திக்கும் செய்து, 2015இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். பார்பரா சன்சோனியின் கதையும் அதே காலத்தது. நல்லாயன் சபைத் துறவி ஒருவர், தம் பொறுப்பில் இருந்த பெண்கள் நெய்யும் துணிக்கு வண்ணம் சொல்லித்தரும்படி சன்சோனியிடம் கேட்டார். அதிலிருந்து பிறந்தது 1964இல் வந்த பெயார்பூட் நிறுவனம். வண்ணம் சன்சோனியுடையது, நெசவு நெசவாளிகளுடையது. அதன் கொழும்பு காலி வீதிக் கடையில் விற்கும் விலையில் நெசவாளிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். ஆனால் தொடக்கத்தில் சன்சோனி மலிந்த கைகளைத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். நெய்யும் கைகள் ஏற்கெனவே இருந்தன, அவற்றுக்கு வேலை வேண்டியிருந்தது.

வேலையைக் கொடுக்குமுன் தானே செய்து பார்த்தவரும் உண்டு. இங்கிலாந்தில் வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸ் துணிக்கு வண்ணம் போட ஆட்களிடம் கொடுக்குமுன், 1870களின் நடுவில் லீக் என்ற ஊரில் தோமஸ் வார்டிலின் சாயப் பட்டறைக்குப் போய்த் தன் கையையே சாயத் தொட்டியில் விட்டார். அவுரியின் நீலம் கையில் ஏறி இருந்ததாம். தான் செய்து பார்க்காத வேலையைப் பிறரிடம் கொடுத்தால், அது நன்றாக வந்ததா இல்லையா என்று சொல்லக்கூட இயலாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் பணம் இருந்தது, நேரத்தின் விலையும் அதிகம். வளவாளர் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

மிஞ்சியிருப்பது ஒரு பயம். "கற்றுக்கொடுத்தால் நாளைக்கு அவளே எதிரே கடை போடுவாள்." இதைத்தான் எல்லோரும் கடைசியில் மெதுவாகச் சொல்வார்கள். ஆம், போடுவாள். போடட்டும். ஒரு ஊரில் ஒருத்திக்குத்தான் தையல் தெரியும் என்றால் பெருநாள் உடுப்புக்கு மக்கள் புத்தளத்துக்கு பஸ் ஏறிவிடுவார்கள். நாலு பேருக்கு நன்றாகத் தெரிந்தால் வெளியூர்க்காரர்கள் இங்கே வருவார்கள். பாய் என்றால் பத்தமடை, காலண்டர் படம் என்றால் கோவில்பட்டி, சிவகாசி என்று சொல்ல வைத்தது ஒருவர் திறமையை ஒளித்து வைத்தது அல்ல.

ஆகவே இந்தப் பக்கம் வகுப்பெடுக்க வரும் வளவாளர்களுக்கும், அவர்களை அனுப்பும் பிரதேச செயலகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மணி நேரத்தின் விலையைப் பலகையில் எழுதுவதை நிறுத்துங்கள். அந்த இடத்தில் பங்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள்: துணிச் செலவும் நூல் செலவும் கரண்ட் பில்லும் கழித்தால் மிச்சம் எவ்வளவு, அதில் மெஷினுக்கு எவ்வளவு, வெட்டியவளுக்கு எவ்வளவு, தைத்தவளுக்கு எவ்வளவு, ஓடர் வராத மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது. உடுப்பின் உள்பக்கம் தைக்கும் பெயர்ப்பட்டியில் இரண்டு பெயர் போடலாமா என்று கேளுங்கள். வகுப்புக்கு முதலாளியாக வரும் பெண்ணை மட்டும் கூப்பிடாதீர்கள், அவளுக்குப் பொத்தான் கட்டிக்கொடுக்கும் பிள்ளையையும் சேர்த்துக் கூப்பிட்டு, அதே வரிசையில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.